கையால் ஓட்டுகிற வண்டி

என் தம்பியை எல்லாரும் டுர்ரு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழில் நல்ல பெயர் ஒன்று இருக்கிறது, யாருக்கு அது நினைவிருக்கிறது? சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே டுர்ர்ர் என்று வீடு முழுக்க வண்டி ஓட்டுவான். குளிக்கக் கூப்பிட்டால் ரிவர்ஸில்தான் வருவான். அப்படிப்பட்டவன் வேறென்ன ஆவான்? பள்ளிக்கூட வேன் டிரைவர் ஆனான். பிள்ளைகளும் டுர்ரு மாமா என்றே கூப்பிட்டார்கள். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

அவனுடைய வலது காலைச் சர்க்கரை வாங்கிக்கொண்டது. செருப்புக் கடித்த புண்தானே என்று இருந்தான். டாக்டர் பார்த்தபோது வெள்ளம் தலைக்கு மேல் போயிருந்தது. முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

மாடியில் இருந்தவனால் படி ஏற முடியவில்லை என்று கீழே என் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் கட்டிலைப் போட்டோம். ஒரு பக்கம் பேப்பர் பண்டல்கள், இன்னொரு பக்கம் கெட்டுப்போன பழைய மிஷின், நடுவில் அவன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் பொழுதுக்கும் திரும்ப மாட்டான். தட்டை வைத்தால் வைத்தபடி இருக்கும். நான் திட்டுவேன். எனக்குத் தெரிந்த பாசம் அதுதான்.

"டேய், சோறு என்ன உன்னைக் கடிக்குதா? சாப்பிட்டுத் தொலையேன்டா!"

"நான் சாப்பிட்டு என்னக்கா ஆகப் போகுது?" என்பான். கோபமாகச் சொன்னாலாவது பரவாயில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவன் மாதிரி அமைதியாகச் சொல்வான். 

அவன் பொண்டாட்டி துணிக்கடையில் பில் போடுகிறவள். வாயில்லாப் பூச்சி. எனக்கு மருமகளாக வாக்கப்பட்டிருந்தால் நானே அவளை மென்று தின்றிருப்பேன் என்று கிண்டல் செய்வேன், அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். அவனுடைய மாத்திரை டப்பாவை வீட்டில் வைப்பதில்லை. தன் கைப்பையில் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனாள். வேளைக்குரியதை மட்டும் என்னிடம் எண்ணிக் கொடுப்பாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் வேன் முதலாளி வந்து பார்த்தார். நல்ல மனுஷன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "டுர்ரு, வேன் இனிமே உன்னால முடியாது. ஆனா டீச்சருங்க நாலு பேரு தினம் போய் வரக் கார் தேடறாங்க. கால் இல்லாதவங்க ஓட்டற மாதிரி மாத்தின கார் ஒண்ணு கெடச்சா, ஸ்கூல் தொறக்கறப்ப அந்த வேலைய உனக்கே தரேன். அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாதுப்பா" என்றார்.

தம்பி அன்றைக்குத்தான் சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

அவன் பொண்டாட்டி ராப்பகலாகப் போனைத் துழாவினாள். இந்த ஊரில் அப்படி வண்டி எவனிடமும் இல்லை. கடைசியில் எங்கேயோ ஒரு மூலையில், ரயிலில் போனால்கூட இரண்டு நாள் பிடிக்கிற ஊரில், ஒரு விளம்பரம் கிடைத்தது. கால் ஊனமானவர் ஓட்டிய கார், கை லிவர் பொருத்தியது, ஒரே ஆள் ஓட்டிய வண்டி. என் கடைக் கவுண்டரில் வைத்துத்தான் அவள் பேசினாள். மிஷின் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் எடுத்ததும் ஒரு பொண்டாட்டிதான்.

"எங்க வீட்டுக்காரருக்குங்க... சுகர்ல... கால்ல ஆபரேஷன் ஆயிடுச்சுங்க" என்று இவள் இழுத்தாள்.

"ஐயோ கடவுளே. எங்க வீட்டுலயும் அதே சுகர், அதே ஆபரேஷன்தாம்மா."

"அண்ணன் இப்ப எப்படிங்க இருக்காரு?"

"இருக்காரும்மா."

அவ்வளவுதான். இரண்டு பேரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். முகம் பார்த்ததில்லை, ஊர் பார்த்ததில்லை, கூடப் பிறந்தவர்கள் மாதிரி அழுதார்கள். ஜெராக்ஸுக்கு நின்ற ஆள் சங்கடப்பட்டுப் போய் வெளியே பார்த்தார். நான்தான் குறுக்கே புகுந்தேன். "அழறத அப்புறம் வச்சுக்கலாம்மா. டயர் எப்படி, இன்ஜின் எப்படின்னு கேளு."

எல்லாம் கேட்டாள். டயர் புதுசு. இன்ஜினில் குறையில்லை. அண்ணன் பத்து வருஷம் அதைத்தான் ஓட்டினார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "இப்ப ஓட்டறதில்லம்மா" என்ற பதில் வந்தது. அதற்கு மேல் நோண்டவில்லை. எந்தக் கால் என்று இவளும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கால் போன வீட்டில் போய் எந்தக் கால் என்று எவளாவது கேட்பாளா?

வந்த போட்டோக்களை நான் பெரிதாகப் பிரின்ட் எடுத்துக் கட்டிலுக்கு நேராக ஒட்டினேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டயரையே பார்த்தார். தம்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அவரு நெஜமாவே ஓட்டினாராமா?"

"பத்து வருஷம் ஓட்டினாராம்ங்க."

"லிவர் கையில இருக்கில்ல? போதும், வாங்கிடு."

தண்ணீரில் தத்தளிக்கிறவன் கையில் சிக்கியது கட்டையா பாம்பா என்றா பார்ப்பான்? அவள் கழுத்துச் சங்கிலி போனது, என் சேமிப்பும் போனது. பணத்தை அனுப்பினோம்.

அன்றிலிருந்து ஆள் மாறினான். கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தானே சவரம் செய்துகொண்டான். இருக்கிற ஒரு காலில் எந்நேரமும் சாக்ஸ் மாட்டிக்கொண்டான். கேட்டால், "குளிருதுக்கா" என்பான். அந்த ஒற்றைச் சாக்ஸைக்கூடப் பொண்டாட்டியிடம் கொடுக்காமல் வாளியை இழுத்து வைத்துத் தானே துவைத்தான். கால் பார்க்கிறேன் என்று அவள் குனிந்தால், "என் கால எனக்குப் பாத்துக்கத் தெரியும், நீ வேலைக்குக் கெளம்பு" என்று விரட்டினான். விரட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் நின்று சந்தோஷப்பட்டோம். பாவிகள்.

வண்டிதான் வந்தபாடில்லை. கார் ஏற்றி வருகிற லாரிக் கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு பையன் தேன் மாதிரிப் பேசுவான். "இன்னிக்கு ஏத்திடுவோம் மேடம்." மறுநாள், "லோடு நெறையலை மேடம், இன்னும் ரெண்டு வண்டி சேந்தா கெளம்பிடும்." பிறகு, "பாதி வழியில யார்டுல நிக்குது மேடம்." எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஏம்பா, காரை ஏத்திட்டு வரீங்களா, இல்ல ஆளுக்கொரு வீலாத் தூக்கிட்டு நடந்து வரீங்களா?" என்று கத்தினேன். அவன் அதற்கும், "சாரி மேடம்" என்றான்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கியது. போன் மணி அடித்தால் உள்ளேயிருந்து, "லாரிக்காரனா அக்கா?" என்று குரல் வரும். இல்லை என்று சொல்லிச் சொல்லி என் நாக்குத் தேய்ந்தது. வேன் முதலாளி இரண்டு தரம் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். அவள் பழையபடி மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்க ஆரம்பித்தாள்.

கடைசியில் ஒரு காலையில் வந்தது. பெரிய லாரி எங்கள் தெருவில் நுழையாது. மெயின் ரோட்டில் இறக்கி, நாலு பேரை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார் லாரி டிரைவர். வியர்த்து வழிந்தது அவருக்கு.

"என்ன வண்டிம்மா இது? கிளட்ச் பெடலே இல்ல. கையில என்னமோ வச்சிருக்காங்க. நமக்குப் பழக்கமில்ல, அதான் தள்ளிட்டு வந்தோம்."

கையால் ஓட்டுகிற வண்டி என்றால் அப்படித்தானே இருக்கும் என்று நான் பெருமையாகச் சிரித்துவிட்டு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

தம்பி குளித்து, நீலச் சட்டை போட்டு, தலை வாரி, கட்டைகளை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். தெருவே பார்த்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தடவினான். கியரைப் பிடித்து, அதில் பொருத்தியிருந்த லிவரை அழுத்திப் பார்த்தான். கீழே குனிந்து பார்த்தான். பிறகு நிமிரவே இல்லை.

"அக்கா, இது எடது கால் இல்லாதவரோட வண்டி" என்றான்.

"அதனால என்னடா? காலுன்னா கால்தானே?"

"கிளட்சுதான்க்கா கைக்கு வந்திருக்கு. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலது காலுக்குத்தான். எனக்கு அந்தக் கால்தானே இல்ல?"

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அதற்குள் அவன் இடது காலை அந்தப் பக்கம் நீட்டி அழுத்திப் பார்த்தான். உடம்பு முழுக்கத் திருகிக்கொண்டது. காலை வைத்து ஒரு அழுத்து அழுத்தியவன், ஸ்ஸ் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுத்துவிட்டான். வெட்டி எடுத்த வலது காலின் புண் இழுக்கிறது போல என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு டெய்லர் சும்மா இருக்காமல், "பட்ட காலிலே படும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

"அந்தப் பழமொழியச் சொன்னவன் வாயில மண்ணு விழ! உன் ஊசிய எடுத்து உன் வாயத் தச்சுக்கய்யா" என்று கத்தினேன். ஆத்திரம் அடங்கவில்லை. அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கி, விற்றவர்களுக்கே போட்டேன். ஸ்பீக்கரையும் அழுத்தினேன்.

"எந்தக் காலுன்னு சொல்லாம எங்க தலையில கட்டிட்டீங்களே, நியாயமாம்மா இது?"

"நீங்களும் சொல்லலியேங்க. கேக்க எனக்கு வாய் வரலங்க. எங்கள யாராவது அப்படிக் கேட்டுட்டா இவரு சாப்பிடாமப் படுத்துக்குவாரு."

"எடது கால்தானே போச்சு அவருக்கு? வலது கால் இருக்கில்ல? அவரே ஓட்ட வேண்டியதுதானே? எதுக்கு வித்தீங்க?"



"அதுவும் போயிடுச்சுங்க."

நான் போனைக் கீழே இறக்கினேன்.  காருக்குள்ளிருந்து தம்பி கையை நீட்டினான். "குடுக்கா, அவரோட பேசணும்."

அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் வந்தது. "சொல்லுங்க தம்பி. மன்னிச்சுக்கங்க, பணத்த..."

"பணத்த விடுங்கண்ணே. ரெண்டாவது கால்ல எப்படி ஆரம்பிச்சுது?"

"சுண்டு விரல் கறுத்துச்சு தம்பி. வலியும் இல்ல பெருசா. வீட்ல சொன்னா வண்டிய எடுக்க விட மாட்டாங்கன்னு ஷூவக் கழட்டாமலே திரிஞ்சேன். ஒரு நாள் ஓட்டிட்டு வந்து எறங்கினேன். மறுபடி ஏறல."

தம்பி போனை மடியில் வைத்தான். பக்கத்தில் நின்ற பொண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தச் சாக்ஸக் கொஞ்சம் கழட்டு" என்றான்.

அவள் தரையில் மண்டியிட்டு இழுத்தாள். விரல் பக்கம் ஒட்டிக்கொண்டு வரவில்லை. மெல்லப் பிய்த்து எடுத்தாள். வாடை வந்தது. இரண்டு விரல் கரியாக இருந்தது. நான் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. அவள் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

லாரி டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். "ஆட்டோ தேடற நேரமில்லம்மா. இந்த வண்டிய எப்படிங்க ஓட்டறது?"

"நீங்க ஸ்டியரிங்கையும் பெடலையும் பாத்துக்கங்க. கிளட்சும் கியரும் நான் போடறேன்" என்றான் தம்பி. அவனைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தோம். முதல் தரம் உதறி நின்றுவிட்டது. "மெதுவாண்ணே, நான் லிவர விடறப்ப நீங்க அழுத்துங்க... இப்ப!" வண்டி நகர்ந்தது. சந்து திரும்பி, மெயின் ரோட்டைப் பிடித்து, ஒவ்வொரு கியராக மாற்றிக்கொண்டே போனான். பின் சீட்டில் நாங்கள் இரண்டு பேரும். அவன் முகம் கண்ணாடியில் தெரிந்தது. பழைய டுர்ருவின் முகம். 

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். அவன் கூரையைப் பார்த்தான்.

"கேக்கறாங்கல்ல, சொல்லுங்க!" என்று கத்தினாள் அவள். அந்த வாயில்லாப் பூச்சி கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வண்டிக்குப் பணம் அனுப்பின அன்னைக்குப் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீயும் அக்காவும் அடுப்படியில சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க. நீ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு... வண்டி வர்ற வரைக்கும் தாங்கினாப் போதும்னு இருந்துட்டேன்."

ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு போனார்கள். விரலோடு நிற்குமா, காலே போகுமா என்பதைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். லாரி டிரைவர் சாவியை என் கையில் வைத்து அழுத்திவிட்டு, லாரி ரோட்டில் நிற்கிறது என்று கிளம்பினார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் கைப்பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே மாத்திரை டப்பா குலுங்கியது. அதையல்லவா நாங்கள் இத்தனை நாளும் காவல் காத்தோம்.

செக்யூரிட்டி வந்து, "வாசல்ல நிக்கிற கார் யாருது? ஆம்புலன்ஸ் வர்ற வழி, எடுங்கம்மா" என்றார்.

"எங்களோடதுதான்" என்றாள் அவள். "ஓட்டறவரு உள்ள இருக்காரு."

"அவரு வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்க முடியாதும்மா."

நாங்கள் இரண்டு பேரும் எழுந்து போனோம். அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து தள்ளினேன்.