வாயில் வெள்ளையோடு வந்த நாய்

“...அதுக்காக உம்ம நாயைப் பிடிச்சு மாவாவா அரைச்சிரப் போறேன்? விட்டுட்டுப் போரும்வே. மதியக் கொடை முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போவும்” என்றார் மாவு மில் அண்ணாச்சி.

மில் வாசலில் நான் நின்றிருந்தேன். கயிற்றின் மறுமுனையில் எங்கள் வீட்டுச் செவலை நாய். அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா மேளம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வேட்டுப் போடுவார்கள். விடுவதா வேண்டாமா என்று என் கை கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

எங்கள் நாய் முக்கூடல் பஸ்ஸையே நின்று முறைக்கிற ஜாதி. ஆனால் வேட்டுச் சத்தம் மட்டும் அதற்கு ஆகாது. இடி இடித்தாலே கட்டிலுக்கடியில் போய் உடம்பெல்லாம் உதறும். போன வருஷக் கொடையில் முதல் வேட்டுக்கே சுவர் ஏறிக் குதித்து மெயின் ரோட்டுக்கு ஓடி, ஒரு வண்டியில் அடிபட்டு, பின்னங்காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. “இன்னொரு தடவை ஓடுச்சுன்னா நாய் நமக்கில்லைங்க” என்று என் மனைவி சொல்லியிருந்தாள்.

அதனால் இந்த வருஷம், கொடைக்கு ஒரு வாரம் முன்னால் பந்தக்கால் ஊன்றுகிற கால்நாட்டு அன்றைக்கே தயாராகிவிட்டோம். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னபடி உள்ளறையில் படுக்கை போட்டு, ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டோம். நடுங்குகிறதே என்று திட்டக்கூடாது, மனுஷர் மாத்திரை எதையும் கொடுத்துவிடக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். எல்லாம் சரியாகத்தான் செய்தோம். கால்நாட்டுக்குப் போட்டது பேருக்கு நாலு வேட்டுத்தான். நாய் கதவைப் பிறாண்டிப் பிறாண்டிக் கொண்டியைத் தள்ளிவிட்டுப் பறந்துவிட்டது.

தெருத்தெருவாகத் தேடினோம். ஆற்றங்கரை வரை போய்க் கூப்பிட்டுப் பார்த்தோம். பொழுது சாய அதுவாகவே வந்தது. பயந்து ஓடின நாய் வருகிற வரத்தா அது? கல்யாண வீட்டில் பந்தி முடித்த பெரியவர் மாதிரி ஆடி அசைந்து வந்து, முற்றத்தில் நாலு காலையும் நீட்டிப் படுத்தது. மூக்கிலும் வாயிலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ பொடி.

“மருந்துங்க. யாரோ தூக்க மருந்து வச்சிருக்காங்க” என்று மனைவி பதறினாள். முகத்தைக் கழுவிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

மறுநாள் டீக்கடையில் விஷயம் தெரிந்தது. “உம்ம நாய் மில் அண்ணாச்சிட்டல்லா இருந்துச்சு? அவருதான் ஷட்டரைத் தூக்கி உள்ள விட்டாரு. நான் பாத்தேன்” என்றார் கடைக்காரர்.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். மில் திண்டில் காலைத் தூக்குகிறது என்று துடைப்பத்தோடு அந்த நாயை வருஷம் பூராவும் விரட்டினவர் அந்த அண்ணாச்சி.

“இன்னொண்ணும் கேளும். ஷட்டரை இறக்கிட்டாரு, உள்ள மோட்டார் ஓடுது!” என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

கால்நாட்டிவிட்டால் கொடை முடிகிற வரை எங்கள் தெருவில் யாரும் இடிப்பதுமில்லை, அரைப்பதுமில்லை. மில் பக்கம் ஒருவரும் தானியம் கொண்டு போகமாட்டார்கள். அப்புறம் மோட்டாருக்கு என்ன வேலை?

“என்னத்த அரைக்காரோ, அம்மனுக்குத்தான் வெளிச்சம். ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சுன்னா, அது அழுகையாவே?” என்றார் கடைக்காரர்.

வீட்டில் சொன்னேன். மனைவி தன் பங்குக்கு ஒன்று சொன்னாள்: “வாலாட்டுததை நம்பலாம், தலையாட்டுததை நம்பப்படாது.” இதை எங்கே பிடித்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. அன்றிலிருந்து அண்ணாச்சி எதிரே வந்து தலையாட்டினால்கூட, நான் அவர் கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

கொடையன்று மேளம் தொடங்கியதும் நாய் உதற ஆரம்பித்தது. ஊருக்கு வெளியே வயல் பக்கம் கூட்டிப்போய்விடலாம் என்று கயிற்றைக் கட்டிக் கிளம்பினேன். தெரு முக்கில் அது என்னை இழுத்த இழுப்பில் செருப்பு ஒன்று போயிற்று. நேரே மில் வாசலில்தான் நின்றது. அரை ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்துத்தான் அண்ணாச்சி என்னை நாயை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

விட மனசில்லை. நானும் உள்ளே நுழைந்தேன். தகரத் தொட்டியை எட்டிப் பார்த்தேன், காலி. மூட்டைகளின் பின்னால் பார்த்தேன், வெறும் சாக்கு. இயந்திரத்தின் மேலிருந்த பொடியை விரலில் தொட்டு மோந்தேன். பழைய அரிசி மாவு.

“என்னவே, போலீஸ் சோதனையா?”

“அண்ணாச்சி, தொடப்பத்தைத் தூக்கிட்டு வெரட்டுன நாய் மேல இப்ப என்ன திடீர்ப் பாசம்?”

அவர் வாயைத் திறந்தார். கோயிலில் முதல் வேட்டு வெடித்தது.

நாய் கயிற்றோடு பாய்ந்தது. வாசலுக்கு இல்லை, அண்ணாச்சியிடம். அவரோ அதற்கு முன்பே மூட்டைகளுக்கு நடுவே குந்தி, இரண்டு காதையும் பொத்தி, கண்ணை இறுக மூடியிருந்தார். அவருடைய முறுக்கு மீசை நடுங்கியது. நாய் அவருடைய மாவு படிந்த வேட்டி மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நிமிர்ந்தபோது மூக்கும் வாயும் வெள்ளை.

“எனக்குச் சின்னதுலேருந்தே வேட்டு ஆகாதுவே” என்றார், கண்ணைத் திறக்காமல். “மோட்டார் ஓடுனா வெளிய வெடிக்கது கேக்காது. அன்னைக்கு இது தானா வந்து ஷட்டரைப் பிறாண்டுச்சு. எனக்கும் தொணையாச்சு.”

“கொடையில அரைக்கப்படாதே அண்ணாச்சி?”

“நான் எங்க அரைச்சேன்? வெறும் மோட்டாரைத்தான ஓட்டுதேன்.” ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “வெளிய சொல்லிராதீரும். கொடைக் கமிட்டில முன்னால நிக்கவன் வேட்டுக்குப் பயப்படுதான்னு தெரிஞ்சா, டீக்கடையில என்னைக் காய்ச்சிருவானுவ.”

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். கயிற்றையும் விட்டுவிட்டேன்.

அண்ணாச்சி எழுந்தார். ஒரு வாரமாக நான் அவரைப் பார்த்த அதே பார்வையால் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னையும் உள்ளே வைத்து ஷட்டரை முழுசாக இறக்கி, உள்பக்கம் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு, போய் மோட்டாரைப் போட்டார்.