மின்னக் கூடாத தொப்பி

செல்லத்துரை மறைந்த செய்தியை என் மகள் ரேவதிதான் போனில் சொன்னாள். "அப்பா, மாமா போயிட்டாங்கப்பா. காபி கொண்டு போயி எழுப்புனேன், கண்ணத் தொறக்கல" என்றாள். அழுதேன். அழும்போதே மனதில் ஒரு நிம்மதியும் வந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. அவருக்குக் கடைசிக் காபியைக் கொண்டுபோனது என் மகள். சில ஆண்டுகளுக்கு முன்பென்றால் இந்தச் செய்தி யார் யாரோ சொல்லி எங்களுக்கு எட்டியிருக்கும். போகலாமா வேண்டாமா என்று நாகப்பட்டினத்தில் குடும்பமே உட்கார்ந்து பேசியிருப்போம்.

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு எங்கள் கதை தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குடவாசலில் நெல் விவசாயம் அவருக்கு. நாகப்பட்டினத்தில் படகு பழுதுபார்த்துப் பெயின்ட் அடிக்கும் பட்டறை எனக்கு. எங்களுடையது கடலுக்குப் போகிற குடும்பம். அவர் மகன் இளங்கோவும் என் மகளும் ஒருவரையொருவர் விரும்பி, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் வரவில்லை. நானும் போகவில்லை. என் கோபம் முதல் தீபாவளிக்கே கரைந்துவிட்டது. அவருடையது அப்படியே நின்றது. திருவாரூரில் வாடகை வீட்டில் இருந்த ரேவதி மாமனார் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. "மாமா பேசலன்னாகூட பரவால்லப்பா. அந்த வீட்டுல அத்தை கையால ஒரு வாய் சாப்புட்டாப் போதும்" என்பாள்.

ஒரு பங்குனி வெயிலில் அவரே ஒரு சாக்குப்பையோடு பட்டறைக்கு வந்து நின்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"நான் பெயின்ட் வேலையா வந்துருக்கேன். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

"நானும் வேற ஒண்ணும் கேக்கலீங்களே" என்றேன்.

சாக்கிலிருந்து ஒரு இரும்புத் தொப்பியை எடுத்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் சிப்பாய்கள் போட்டிருந்த தட்டையான தொப்பியின் நகல். சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறவர்கள் கழித்துப் போட்டதைச் சென்னையில் யாரிடமோ வாங்கியிருக்கிறார். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மேலே பச்சை பெயின்ட், புது பைக்கின் டேங்க் மாதிரி பளபளத்தது. திருவாரூரில் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர் தன் திறமையெல்லாம் காட்டியிருந்தார்.

அவருடைய அப்பா அந்த யுத்தத்தில் பாலைவனத்தில் சண்டை போட்டு உயிரோடு திரும்பியவர். அவர் கொண்டுவந்த அசல் தொப்பி மாட்டுக்கொட்டகையில் தவிடு அள்ளிக்கொண்டிருந்து, துருப்பிடித்து ஓட்டையாகி, கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. வரப்போகிற திதிக்கு அப்பாவின் படத்தோடு ஒரு தொப்பியை வைக்க வேண்டும், அது அப்பா போட்டிருந்த அதே நிறத்தில் இருக்க வேண்டும். வேலை இவ்வளவுதான்.

"என்ன நெறங்க?"

"அவிச்ச நெல்லக் காயவச்சு அரைச்சா அரிசி ஒரு நெறமா வரும் பாருங்க, அது."

"மஞ்சளா?"

"மஞ்சளுன்னு யாரு சொன்னா? புழுங்கரிசிங்க. பாத்ததில்லையா?"

தினமும் தின்பதைப் பார்த்ததில்லையா என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? பல்லைக் கடித்துக்கொண்டு பச்சையைச் சுரண்டினேன். நசுங்கலை உள்ளிருந்து தட்டி நிமிர்த்தினேன். பிறகு வெள்ளையில் மஞ்சளைச் சொட்டி, காவியைத் தொட்டுக் கலக்கினேன். ஒவ்வொரு கலவைக்கும் அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். கடைசியில் பழைய பலகை ஒன்றில் தடவியதைக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "இதாங்க. அப்பா தொப்பி இதாங்க" என்றார். அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆனால் படகு பெயின்ட் மின்னும். "மின்னக் கூடாதுங்க. வெயில்ல மின்னுனா குண்டு தேடி வரும்னு அப்பா சொல்லும்" என்றார். அந்தக் காலத்தில் ஈரப் பெயின்ட்டின் மேல் மணலைத் தூவி, காய்ந்தபின் இன்னொரு பூச்சு கொடுப்பார்களாம். மணலுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? கடற்கரையில் ஒரு வாளி அள்ளி, சலித்து, நானே தூவினேன். அசத்தலாக வந்தது. வாங்கிக்கொண்டு, கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டார். அன்று இரவு என் மனைவி, "ரேவதியப் பத்திக் கேக்கவே இல்லையா?" என்று கேட்டாள். புழுங்கரிசியைப் பற்றித்தான் பேசினோம் என்று எப்படிச் சொல்வேன்?

திதிக்குச் சில நாள் முன்னால் போன் வந்தது.

"பெயின்ட்டுக்காரரே, ஒங்க மணலு எங்க அப்பா தொப்பியக் கெடுத்துருச்சு. அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமா கெளம்பிருக்கு."

எனக்கு உடனே புரிந்துபோயிற்று. மணலை நான் கழுவவில்லை. உப்பிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மணலில் உப்பு இருப்பது உறைக்கவில்லை. நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்துத் தூவியிருக்க வேண்டும். சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டத்தான் செய்தார், ஆனால் போனை வைக்க மனமில்லாதவர் மாதிரி வெகுநேரம் திட்டினார். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு, "மணல எடுத்துக்கிட்டு இங்க வாங்க. நம்ம பம்புசெட்டுல அலசிப்புடலாம். வரும்போது ஒங்க பொண்ணையும் கூட்டியாங்க. மணலு அலச ஆளு வேணும்ல?" என்றார்.

ஒரு வாளி மணலை அலச எத்தனை பேர் வேண்டும்? நான் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பயந்தேன்.

ரேவதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மணல் அலச வந்தாள். பம்புசெட்டுத் தொட்டியில் வாளியை வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி அலசினாள். ஒவ்வொரு முறையும் அவர் அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் உப்பு இருக்கு" என்றார். உப்பு எப்போதோ போயிருக்க வேண்டும். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடுப்பு வரை நனைந்து நின்றவளிடம் அவர் மனைவிதான் ஓடிவந்து துண்டைக் கொடுத்தார். "போதுங்க, புள்ளைக்கி சளி புடிக்கப் போவுது. உள்ள வாம்மா" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். செல்லத்துரை மறுக்கவில்லை. தண்ணீர் மடையைப் பார்க்கப் போகிறவர் மாதிரி வயல் பக்கம் நடந்துவிட்டார். மடை சாத்தித்தான் கிடந்தது.

அன்று ரேவதி அந்த வீட்டில் சாப்பிட்டாள். மறுபடி அடித்த பெயின்ட் கெட்டியாக நின்றது. அதே ஆண்டில் இளங்கோவும் அவளும் குடவாசலுக்கே குடிவந்தார்கள். மணலைக் கழுவாமல் தூவிய என் புத்தியை இன்றுவரை வாழ்த்திக்கொண்டிருக்கிறேன்.

அவரை எடுக்கிற அன்று நாகப்பட்டினத்தில் ஒரு வேட்டியும் துண்டும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். இறந்தவருக்குச் சம்பந்தி வீட்டார் போடும் கோடித் துணி. ஆனால் வாசலில் கூடியிருந்த அவருடைய உறவுகளைப் பார்த்ததும் பையைத் திறக்கத் துணிவில்லை. வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது வேறு, ஊர் பார்க்கச் சபையில் முறை செய்ய விடுவது வேறு. யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் ரேவதி எப்படித் தாங்குவாள்? பந்தலின் ஓரத்தில் ஒதுங்கி நின்றேன்.

பாடை தயாராகிவிட்டது. அவருடைய தம்பி எழுந்து நின்று சத்தம் போட்டார்: "நாகப்பட்டினத்து சம்பந்தி வந்துட்டாங்களா? சம்பந்தி கோடி போடாம என்னைய எடுக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்லி வச்சிருக்கு. வழி விடுங்கப்பா!"

கூட்டம் விலகியது. நான் நடந்துபோய் வேட்டியை அவர் மேல் விரித்தேன். என்னை நேரில் ஒருநாளும் அவர் சம்பந்தி என்று அழைத்ததில்லை. கடைசிவரை பெயின்ட்டுக்காரர்தான். தொப்பி அந்த வீட்டில்தான் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். நான் தயங்கி நிற்பேன் என்று தெரிந்து, தான் பேச முடியாத நாளுக்கும் சேர்த்து அவர் சொல்லி வைத்துவிட்டுப் போன அந்த ஒரு வார்த்தையை நான் வைத்துக்கொள்கிறேன்.