நாற்பத்தொன்றாவது உருப்படி

சிறைக்குள் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். தச்சர். எந்த மேசையைப் பார்த்தாலும் அது எந்தப் பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். தான் மாட்டிய கதவு கோணல் என்று சொன்ன ஒப்பந்தக்காரரை மரச்சட்டத்தால் அடித்துத் தோள்பட்டையை உடைத்ததற்கு நான்கு வருடத் தண்டனை. "அடிச்சது தப்புதான். ஆனா கதவு நேராத்தான் இருந்துச்சு" என்பார்.

மூன்றாம் வருடம், சிறைப் பட்டறையின் வட்ட ரம்பம் அவருடைய இடதுகையில் இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. ரம்பப் பல்லை மறைக்கும் இரும்பு மூடி விரிசல் விட்டு, அதைப் பழுதுபார்க்க அனுப்பியிருந்தார்கள். ரம்பம் மட்டும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "மூடி வரட்டுமே சார்" என்று பட்டறை அதிகாரியிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "நாற்காலி எப்போ வரும்னு மேல கேக்கறாங்கப்பா" என்று பதில் வந்தது.

இலவச சட்ட உதவி வக்கீல் மூலமாக, அலட்சியத்துக்கு நஷ்டஈடு கேட்டுச் சிறைத்துறை மீது வழக்குப் போட்டார். பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அவங்க வீட்டுலயே சாப்பிட்டுக்கிட்டு அவங்க மேலயே கேஸா? மிச்ச விரலப் பத்திரமா வச்சுக்கய்யா."

துறையின் பதில் மனு வந்தது. மூடி இருந்தது, அவசரத்தில் கைதியே அதைக் கழற்றிவிட்டார் என்று எழுதியிருந்தது. எழுதியது தலைமை அலுவலகம். பட்டறையைக் கண்ணால் பார்த்த ஒருவரையும் அவர்கள் கேட்கவில்லை.

அடுத்த சந்திப்பு நாளில் மனைவியின் முகம் சரியில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொலைபேசியை எடுத்தவுடனே சொன்னாள்.

"அண்ணன் அந்த மனுவப் படிச்சிருச்சு."

அவளுடைய அண்ணன் மரச்சாமான் பட்டறை வைத்திருப்பவர். விடுதலையானதும் ரசமட்டத்துக்கு அங்கேதான் வேலை என்று பேசி வைத்திருந்தது.

"என்ன சொன்னாரு?"

"மூடியக் கழட்டுற ஆளுக்குத் தன்னோட பட்டறையில இடமில்லையாம்."

விரல் போனபோதுகூட அவர் அப்படி வாடியதில்லை.

"நீயும் நம்புறியா?"

"நீங்களா கழட்டுனீங்க? பால் பாத்திரத்துக்கு மூடி போட்டியான்னு மூணு தடவ எழுந்து வந்து பாக்கற ஆளு. போங்க."

"காசு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நான் கழட்டலன்னு எழுதித் தரட்டும். அது போதும்."

விசாரணை நாளில் துறையின் வக்கீல் மிகுந்த தெம்புடன் இருந்தார். பட்டறை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று காட்டுவதற்காகக் கருவிப் பதிவேட்டையே கொண்டுவந்திருந்தார். சாட்சிக் கூண்டில் பட்டறை அதிகாரி. தினமும் சாயங்காலம் கருவிகளை எண்ணாமல் பட்டறைக் கதவு திறக்காது, ஓர் உளி குறைந்தாலும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான் என்று பெருமையாகச் சொன்னார்.

"விபத்துக்கு முந்தின நாள் பக்கத்தைப் படிங்க" என்றார் அந்த வக்கீல்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நாலைந்து வரிக்குள் அவர் குரல் பட்டறைக் குரலாகிவிட்டது. இழைப்புளி பெரியது, இழைப்புளி சிறியது, சுத்தியல் எட்டு என்று ஒரே ராகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொண்ணு, ரம்ப மூடி."

"போயிருக்கு சார்" என்றது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"நாப்பத்திரெண்டு, அரம்..."

"நிறுத்துங்க" என்றார் நீதிபதி அம்மா. "யார் பேசினது?"

இரண்டு காவலர்களுக்கு நடுவே ரசமட்டம் எழுந்து நின்றார். "மன்னிக்கணும்மா. பழக்கத்துல வாய் தானா சொல்லிருச்சு."

"என்ன பழக்கம்?"

அதிகாரியே விளக்கினார். அவர் படிக்கப் படிக்க, கருவி வைத்திருப்பவர் அதைத் தூக்கிக் காட்டி "இருக்கு" என்று சொல்ல வேண்டும். வெளியே அனுப்பியிருந்தால் "போயிருக்கு".

"நாற்பத்தொண்ணுக்கு யார் சொல்வாங்க?"

"எல்லாரும் சேர்ந்து சொல்வாங்கம்மா. கொஞ்சம் சத்தமாவே சொல்வாங்க."

"எத்தனை நாளா?"

அதிகாரி விரலை எச்சில் தொட்டு, "போயிருக்கு" என்று குறித்த பக்கங்களை எண்ணிக்கொண்டே பின்னோக்கிப் புரட்டினார். துறையின் வக்கீல் தண்ணீர் குடித்தார்.

"விபத்துக்கு முன்னாடி நூத்தி முப்பத்தாறு நாளும்மா." ஒவ்வொரு நாளுக்கும் கீழே அவருடைய கையெழுத்து.

"அப்புறம் ஏன் ரம்பத்தை நிறுத்தல?"

அதிகாரி உண்மையாகவே யோசித்தார். "ஏதாவது காணாமப் போனாத்தாம்மா நிறுத்துவோம். இது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியுமே."

காவலர்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

கைதி மூடியைக் கழற்றவில்லை, அலட்சியம் துறையுடையது, நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. முதல் வரியை மட்டும் ரசமட்டம் நான்கு முறை படித்தார்.

அந்த வாரம் மனைவியோடு அவள் அண்ணனும் வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. உட்கார்ந்ததும் ஓர் அலமாரியின் படத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார்.

"மாப்ள, இந்தக் கதவு தொங்குது. ஏன்னு சொல்லுங்க."

"கீல் எத்தன மச்சான்?"

"ரெண்டு."

"இவ்வளவு உயரத்துக்கு ரெண்டா? யாரு போட்டது?"

"நான்தான்."

"அதான் தொங்குது."

மனைவி தொலைபேசியைப் பிடுங்கினாள். "இங்க நானும் வந்திருக்கேன்."

அண்ணன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து கத்தினார். "திங்கக்கிழமைதான விடுதலை? செவ்வாய்க்கிழமை காலையில பட்டறைக்கு வந்துரணும்."

"புதன்கிழமை வரட்டும்ணே. ஒரு நாளாவது வீட்டுல இருக்கட்டும்."

"அலமாரிக்காரரு காத்துக்கிட்டு இருக்காரும்மா."

"கதவு இத்தன நாள் தொங்குச்சுல்ல? இன்னொரு நாள் தொங்கட்டும்."

இருவரும் ரசமட்டத்தைப் பார்த்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"செவ்வாய் மத்தியானம்" என்றார்.