முக்காட்டோடு களையெடுக்க ஒரு கருவி

எனக்குக் கோபம் வந்தால் பென்சில் முனை உடையும். வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள் என்பதால் இது அடிக்கடி நடக்கும். பக்கத்து மேஜைக்காரர்கள் சத்தத்தை வைத்தே அன்றைக்கு என்னிடம் பேசலாமா கூடாதா என்று முடிவு செய்துகொள்வார்கள்.

எழுபதுகளின் கடைசியில் டெல்லியில் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் பட்டறையில் நான் டிராஃப்ட்ஸ்மேன். பெண்ணாக இருந்தாலும் பதவியின் பெயர் அதுதான். டிராக்டர் வாங்க வக்கில்லாத சின்ன விவசாயிகளுக்குக் கையால் இயக்குகிற கருவிகளைச் செய்வது எங்கள் பிரிவின் வேலை. விதை போடுவதோ கடலை உடைப்பதோ, எதுவானாலும் முதலில் என் பலகையில் கோடாக இருக்கும், அப்புறம் பட்டறையில் இரும்பாகும்.

அந்த வருஷம் எங்கள் பிரிவின் செல்லப்பிள்ளை ஒரு களைவெட்டி. முன்னால் ஒரு சின்னச் சக்கரம், அதற்குப் பின்னால் மண்ணுக்கடியில் ஓடும் ஒரு தகடு, பிடித்துத் தள்ள இரண்டு கைப்பிடி. வரிசையாக நட்ட பயிருக்கு நடுவில் தள்ளிக்கொண்டு போனால் களை வேரோடு அறுந்து விழும். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் குர்பி என்கிற களைக்கொத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து, தவளை மாதிரி நகர்ந்து நகர்ந்து களையெடுப்பார்கள். அதை நின்றபடி செய்யலாம் என்பதுதான் எங்கள் பெருமை. பட்டறைக்குப் பின்னாலிருந்த சோதனை வயலில் எல்லாரும் தள்ளிப் பார்த்தார்கள். எல்லாரும் என்றால் எல்லா ஆண்களும்.

எங்கள் அதிகாரி தஞ்சாவூர்க்காரர். காவிரிப் பாசனத்தில் நிலம் உள்ள குடும்பம். நல்ல மனுஷர், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் ஒரு முடிவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார் என்றால் கிளப்புவது பெரும்பாடு. களைவெட்டி முடிந்துவிட்டது, இனி ஒரு கிராமத்தில் காட்டிவிட்டு மேலே அனுப்ப வேண்டியதுதான் என்று முடிவுக்கு வந்திருந்தார்.

இன்றைக்குத் துவாரகா என்று அடுக்குமாடி வீடுகள் நிற்கிற பக்கத்தில் அப்போது கோதுமையும் கோசும்தான். ஜீப்பில் போய் இறங்கினோம். கிராமத்து ஆண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கருவியைத் தள்ளிப் பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொண்டார்கள். அதிகாரி முகத்தில் கல்யாணக் களை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ நெருடிக்கொண்டே இருந்தது.

“இங்க களையெடுக்கிறது யாரு?” என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன்.

“பொம்பளைங்கதான். வேற யாரு?”

“அப்போ இவ்வளவு நேரம் நீங்க எதுக்குத் தள்ளிப் பார்த்தீங்க?”

அதிகாரி இருமினார். அவர் அப்படி இருமினால் எனக்கு வாயை மூடு என்று அர்த்தம். நான் மூடவில்லை. பெண்களைக் கூப்பிடச் சொன்னேன். வந்தவர்கள் கருவியைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்களே தவிர ஒருத்தியும் கையை வைக்கவில்லை.

ஒருத்தி மட்டும் என் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். என் வயசுதான் இருக்கும். ஒரு காலை மடக்காமல் நீட்டி நீட்டி வைத்து நடந்தாள். மழைக்காலத்தில் எருமை முட்டித் தள்ளியதில் முழங்கால் உடைந்து, கோணலாகச் சேர்ந்துவிட்டதாம். புருஷன் பட்டாளத்தில், எங்கோ எல்லையில் இருந்தான். எதிரே காலிஃபிளவர் நட்டிருந்த வயலைக் காட்டினாள். புருஷன் பங்குக்கென்று மாமனார் பிரித்துக் கொடுத்தது, அவன் ஊரில் இல்லாததால் அவளே பார்த்துக்கொள்வது. களை பயிருக்குச் சமமாக மண்டிக் கிடந்தது.

“பெஹன்ஜி, என்னால குந்த முடியாது. வர்ற தண்ணி பாய்ச்சறதுக்குள்ள களை போகலைன்னா இந்த வயலை மூத்தவருக்குக் கொடுத்துடுவேன்னு மாமனார் சொல்லிட்டார். அப்புறம் அந்த வீட்டுல நான் ரொட்டி தட்டுறவ, அவ்வளவுதான்.” மூத்தவர் என்றது புருஷனின் அண்ணனை. அழுதுகொண்டு சொல்லவில்லை. களைவெட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “நின்னுக்கிட்டே செய்யலாம்னா எனக்குக் கொடுங்க. நான் தள்ளறேன்.”

கொடுத்தேன். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பாதி வரிசை போயிருப்பாள், வரப்பில் மாமனார் வந்து நின்றார். அவ்வளவுதான், முக்காடு நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் இறங்கிவிட்டது. பெரியவர்களுக்கு எதிரில் மருமகளின் முகம் தெரியக் கூடாது, அங்கே அதுதான் வழக்கம். தள்ளுகிற கருவிக்கோ முன்னால் பார்க்கக் கண் வேண்டும். அவள் நிறுத்தவில்லை, தள்ளிக்கொண்டே போனாள். தகடு வரிசையை விட்டு விலகி நாற்றுகளைக் கழுத்தோடு சீவிப் போட்டது.

பெரியவர் இறங்கி வந்து அறுந்த நாற்று ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். கத்தவில்லை. “இது பொம்பளைங்களுக்கு ஆகிற சாமான் இல்லை. மூத்தவனே பார்த்துக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவள் முக்காட்டுக்குள் என்ன முகம் வைத்திருந்தாளோ தெரியாது. கைப்பிடியை மட்டும் விடவில்லை, நான்தான் விரல்களைப் பிரித்து எடுத்தேன்.

திரும்பும்போது ஜீப்பில் அதிகாரி சொன்னார்: “கருவியில ஒரு குறையும் இல்லைம்மா. அந்த முக்காடுதான் பிரச்சினை. அது நம்ம டிபார்ட்மென்ட் கிடையாது.”

எனக்கு வந்ததே கோபம். “செருப்பு கடிச்சா காலை வெட்டிக்கச் சொல்வீங்களா சார்?”

வீடு வருவதற்குள் எனக்கு ஒன்று நிச்சயமாகிவிட்டது. முக்காட்டை எடுக்க வைக்க என்னால் முடியாது, இரும்பை மாற்ற முடியும். மாற்றாமல் விடுவதில்லை.

கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூந்தொட்டிகளை எல்லாம் இரண்டு வரிசையாக வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை மோவாய் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒட்டடைக் கம்பை முன்னால் தள்ளியபடி நடுவில் நடந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரும் கையுமாக வாசலுக்கு வந்தார். டெல்லிக்கு வந்து எத்தனை காலமானாலும் அவர் பேச்சு திருநெல்வேலியை விட்டு ஓர் அடி நகரவில்லை.

“ஏளா, என்ன கூத்து இது? அக்கம்பக்கத்துல பாத்தா என்ன நெனப்பாவ?”

“நெனைக்கட்டும். நான் நேரா போறேனான்னு மட்டும் பாருங்க.”

“நேராவா? இப்பத்தானளா ரோஜாத் தொட்டிய ஒடச்ச.”

உடைந்துதான் கிடந்தது. எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மாடியிலிருந்து சிரித்தது மட்டும் கேட்டது. திரும்பத் திரும்பத் தள்ளினேன், திரும்பத் திரும்ப இடித்தேன். முக்காட்டுக்குள்ளிருந்து தெரிவதெல்லாம் என் கால் விரலும் அதற்கு முன்னால் ஒரு முழம் தரையும்தான். வெறுத்துப்போய்க் கம்பைத் தரதரவென்று இழுத்துக்கொண்டே பின்பக்கமாக அடியெடுத்து வந்தேன். கம்பின் நுனி நான் பார்க்க முடிகிற அந்த ஒரு முழத்துக்குள் ஓடி வந்து என் காலடியில் நின்றது.

நின்றுவிட்டேன். மறுபடி கம்பை நீட்டி இழுத்துப் பார்த்தேன். ஓர் அடி பின்வாங்கி மறுபடி இழுத்தேன்.

“இப்ப நேரா வருதுளா” என்றார் வீட்டுக்காரர், பேப்பரை மடக்கிவிட்டு.

திங்கட்கிழமை அதிகாரியிடம் போய் நின்றேன். சக்கரம் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், இழுத்துக்கொண்டே பின்னால் நடக்கிற மாதிரி செய்யலாம் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

“பின்னாடி நடந்துக்கிட்டு வேலை செய்யறதா? தடுக்கி விழுந்தா யாரும்மா பதில் சொல்றது?”

“சார், உங்க வயல்ல நாத்து நடுறவங்க எந்தப் பக்கமா நடப்பாங்க?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பின்னாடிதான்” என்றார்.

“நாள் முழுக்கவா சார்?”

“நாள் முழுக்கத்தான்.”

“அதுவும் சேத்துல.”

“சரி சரி, மானத்தை வாங்காதே. வரைஞ்சு கொண்டா. ஆனா ஜீப் இன்னும் ஒரே ஒரு தடவைதான். அன்னிக்கும் சரியா வரலைன்னா பழைய டிராயிங்கே மேலே போகும்.”

அவள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச அதிக நாள் இல்லை. அதனால் பட்டறையில் நான் போட்ட போட்டில் வெல்டர் பாதி இளைத்துப்போனார். “மேடம்ஜி, நீங்க ஜல்தி ஜல்தின்னா இரும்பு கேக்குமா?” என்று புலம்பிக்கொண்டே வேலை செய்தார். நீளமான இலேசான குழாய்க் கைப்பிடி, அதன் முனையில் குதிரையேறுகிறவர்கள் கால் வைக்கிற வளையம் மாதிரி வளைத்த தகடு. முதலில் செய்தது கனம். அடுத்தது மண்ணைக் கடிக்காமல் மேலோடு வழுக்கிக்கொண்டு போனது. தகட்டின் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் நானே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சோதனை வயலில் இறங்கினேன். ஜன்னல்களில் எல்லாம் தலைகள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளங்கை கொப்பளித்து, வீட்டில் சப்பாத்தி உருட்டக்கூட முடியவில்லை. ஒரு சாயங்காலம் தகடு மண்ணுக்கடியில் சரசரவென்று ஓடியது, களை மொத்தமும் மல்லாந்து விழுந்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தில் வெல்டரைக் கட்டிக்கொள்ளாதது ஒன்றுதான் பாக்கி.

அதில் இன்னொரு லாபமும் இருப்பதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அதிகாரி. வரப்பில் குனிந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், “ஏம்மா, முன்னாடி நடந்தா அறுத்த களையை நாமே மிதிச்சு மறுபடி மண்ணுல நட்டுடறோம். இப்போ யாரும் மிதிக்கலை பாரு, அப்படியே காயும்” என்றார். அன்றிலிருந்து அது அவருடைய கருவியும் ஆகிவிட்டது. எனக்கென்ன, வேலை நடந்தால் சரி.

அந்த ஒரே ஒரு ஜீப் பயணம் வந்தது. போய்ச் சேர்ந்தபோது வயலின் இந்தக் கோடியில், கீக்கர் என்கிற கருவேல மர நிழலில், வரிசைகள் முடிகிற இடத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். ஹூக்கா புகைந்துகொண்டிருந்தது. மூத்த மகன் வயலை ஏற்கெனவே வாங்கிக்கொண்டவன் மாதிரி வரப்போரம் நடந்துகொண்டிருந்தான். “நாளை மறுநாள் தண்ணி. சீக்கிரம் காட்டிட்டுப் போங்க” என்றார் பெரியவர், அதிகாரியிடம்.

நான் அவளுக்கு வேலிப் பக்கமாக வைத்து இழுத்துக் காட்டினேன். ஒரு தடவைதான் பார்த்தாள். வாங்கிக்கொண்டு, எங்களிடம் ஒன்றும் சொல்லாமல், காலை நீட்டி நீட்டி வயலின் அந்தக் கோடிக்கு நடந்தாள். பக்கத்திலேயே ஆரம்பிக்காமல் எதற்கு அவ்வளவு தூரம் போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அங்கே போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, முக்காட்டை இறக்கிக்கொண்டு, முதல் இழுப்பு இழுத்தபோதுதான் புரிந்தது. அங்கிருந்து தொடங்கினால் கடைசிவரைக்கும் அவள் முதுகுதான் பெரியவருக்குத் தெரியும். முகத்தை அவர் பக்கம் திருப்ப வேண்டியதே இல்லை. நாங்கள் யாரும் யோசிக்காததை அவள் போகிற போக்கில் செய்துவிட்டாள்.

நீட்டினாள், இழுத்தாள், நல்ல காலை ஊன்றி ஓர் அடி பின்வாங்கினாள், மறுகாலைச் சேர்த்துக்கொண்டாள். மெதுவாகத்தான் வந்தாள். ஆனால் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரு நாற்றின் இலைகூடக் கிழியவில்லை. மூத்த மகன் நடையை நிறுத்திவிட்டான்.

வரிசை முடிகிற இடத்துக்கு வந்துவிட்டாள். முடிவில் கட்டில் நின்றது. அதன் கால் ஒன்று சரியாக அவளுடைய வரிசையில் ஊன்றியிருந்தது. இரண்டு மூன்று இழுப்புத்தான் பாக்கி. அவள் திரும்பிப் பார்க்க முடியாது, நகருங்கள் என்று மாமனாரிடம் சொல்லவும் முடியாது. பின்னால் ஹூக்கா சத்தம் நெருங்கியதும் கைப்பிடியைப் பிடித்தபடி முதுகைக் காட்டி அப்படியே நின்றாள். சுற்றிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை. அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

பெரியவர் ஹூக்காக் குழாயை வாயிலிருந்து எடுத்தார். அவள் களையெடுத்து வந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். எழுந்தார். கட்டிலை மகனைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லவில்லை, தானே பிடித்து இழுத்து வரப்புக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டார்.

அவள் வரிசையில் மிச்சமிருந்ததையும் இழுத்து முடித்தாள்.

“பஹூ, தண்ணி என்னிக்கு விடணும்?” என்று கேட்டார் பெரியவர். மருமகளைத்தான் கேட்டார்.

அவரோடு அவள் நேரே பேசக் கூடாது. முக்காட்டை என் பக்கம் திருப்பி, அந்த வயல் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: “பெஹன்ஜி, சொல்லுங்க, நாளை மறுநாள் வேண்டாம். முதல்ல என் களை காயட்டும்.”