சன்னல் பார்த்து வீடு பிடித்தவள்

அண்ணி அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பாதி மடித்த போர்வை கையில் இருக்கும்போது. சாப்பிட வந்த அவள் தம்பி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். முடிவெட்டும் கடை வைத்திருந்தவன் அவன்; இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, அவ்வளவுதான் கடை.

"அக்கா, டிங்குவை நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துரலாம்னு இருக்கேன்."

"கூட்டிட்டு வந்தா யாரு பார்த்துக்கிறது? செவுத்தையெல்லாம் பிராண்டி வைக்கும். நாயும் வேணாம், பூனையும் வேணாம்."

"ஐயோ அக்கா, அது பொண்ணு."

"பொட்டைக் குட்டியா? வருஷத்துக்கு ரெண்டு தடவை ஈன்று தள்ளுமே!"

அவன் தலையில் அடித்துக்கொண்டு விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கடைக் கண்ணாடி விரிசல் விட்டதில் புதிது மாட்ட வந்தவளாம். தாய்மாமன் கடையில் பதினேழு வயதிலிருந்து கண்ணாடி வெட்டுகிறவளாம். எந்தக் கண்ணாடியையும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் கையால் தூக்குவாளாம். சுத்தமாக ஒலித்தால் நல்ல கண்ணாடி, மொண்ணையாக ஒலித்தால் எங்கோ கீறல். அதனால் கடைத்தெரு வைத்த பெயர் டிங்கு. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கல்யாணத்தைப் பதிவு செய்த தாளில் அண்ணி ஒரு தடவை பார்த்தாள், பார்த்ததோடு சரி.

தம்பியை வளர்த்தவள் அண்ணிதான். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, இவளுக்குப் பதினெட்டு. இவளைக் கட்டியவரும் ஆறே வருஷத்தில் போய்ச் சேர, பிள்ளை குட்டி இல்லாமல் திரும்பி வந்து தம்பிக்குத் தாயும் தமக்கையுமாக நின்றாள். தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த டிங்கு முறைப்படி அண்ணி என்று கூப்பிட, பக்கத்து வீடு, எதிர் வீடு என்று ஆளாளுக்கு அதே வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த பால்காரர்கூட அண்ணி என்றார்.

நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஓர் அடுப்படியில் நின்றால் புகை வராமல் போகுமா? வந்தது. டிங்குவின் வேலைச் சட்டையில் கண்ணாடித் தூள் ஒட்டி வரும். வாசலிலேயே உதறிவிட்டு வா என்பாள் அண்ணி. உதறிவிட்டேன் என்பாள் டிங்கு. உதறினால் இது என்ன மின்னுகிறது என்று இவள் துடைப்பத்தை நீட்ட, அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, நடுவில் தம்பி கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டு காது கேளாதவன் போல இருப்பான். அப்படியே ஒரு வருஷம் ஓடிற்று. பிறகு பழகிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் அந்தத் திருட்டு நடந்தது.

அடுப்படிச் சன்னலுக்கு டிங்கு புதுக் கண்ணாடி போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து வைக்க விளிம்போரம் மக்கு வைத்து இழுப்பார்கள். கோதுமை மாவு பிசைந்தது போல இருக்கும். அது இறுகிக் கல்லாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பட்டப்பகல் பதினொன்றரை மணிக்கு ஒருவன் வந்து, அந்த இளம் மக்கை ஒரு சின்னக் கத்தியால் சுரண்டி, கண்ணாடியை ஒரு கீறல் படாமல் எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே இறங்கியிருக்கிறான். குளித்துவிட்டு வந்த அண்ணி பார்த்தபோது அவன் அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்து, "கத்தாதீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ரேடியோவை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே போனான். தெருவில் நாலைந்து பேர் அவன் சுரண்டுவதைப் பார்த்தார்களாம். யாரோ வேலைக்காரன் என்று நினைத்துக் கடந்து போனார்களாம்.

போனது ஒரு பழைய ரேடியோ. ஆனால் அன்றோடு அண்ணிக்கு அந்த வீட்டில் தனியாக இருக்க முடியாமல் போயிற்று. மற்ற இருவரும் வேலைக்குக் கிளம்பும்போது இவளும் கிளம்பி, முனையில் இருக்கும் தையல் கடையில் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கே சும்மா பொத்தான் தைத்துக் கொடுத்தபடி சாயங்காலம்வரை இருப்பாள். மழையானாலும் காய்ச்சலானாலும் அப்படித்தான். டிங்கு இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் வீட்டில் கண்ணாடி மாட்டினாலும், மக்கு இறுகும்வரை குறுக்கே ஒரு கம்பி அடித்துவிட்டுத்தான் வருவாள். கேட்டால், "என் வேலை, என் இஷ்டம்" என்பாள்.

இப்படி இருக்கும்போது வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. முன்னே டிங்குவோடு வேலை பார்த்த நெட்டையன் ஒருவன் அங்கே ஒரு கண்ணாடிப் பட்டறையில் இருந்தான். "இங்க வேலை மலையா குவிஞ்சு கிடக்கு, முதலாளிக்கு ஆள் போதல, குடும்பத்தோட வரலாம்" என்று சொல்லி அனுப்பினான். முதலில் பத்து நாள் போய் வேலை செய்து காட்ட வேண்டும்; அதற்குள் வீடும் பார்த்து, யார் யார் வருகிறார்கள், எந்த முகவரியில் இருப்பார்கள் என்று எழுதிக் கொடுத்தால் மூவருக்கும் சேர்த்து விசாத் தாள் தயாராகும்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்கயே எப்படியோ இருந்துக்கிறேன்" என்றாள் அண்ணி.

"எப்படியோன்னா? தையல் கடையிலயே படுத்துக்கப் போறீங்களா?" என்றாள் டிங்கு. "உங்களை விட்டுட்டுப் போற உத்தேசம் இல்ல. அங்க கூட்டிட்டுப் போய் நாலு செவுத்துக்குள்ள பயந்து சாக விடவும் மாட்டேன். நீங்க பகல்ல தனியா இருக்கலாம்னு என் மனசுக்குப் பட்டா வரச்சொல்றேன். படலையா, நானும் திரும்பி வந்துடறேன்."

அவள் விமானம் ஏறிய அன்றிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. தன் பயம் ஒருத்தியின் பிழைப்புக்குக் குறுக்கே கல்லாகக் கிடக்கிறதே என்ற வேதனை ஒரு பக்கம். போகாமல் இருந்தால் நல்லது என்ற சபலம் மறு பக்கம். அதற்காகத் தன்மேலேயே கோபம் வேறு.

ஐந்தாம் நாள் போன் வந்தது. இரண்டு வீடு பார்த்தாளாம். ஒன்று புதுக் கட்டடம், பதினோராம் மாடி. கீழே காவலாள், உள்ளே போக அட்டை, சன்னல் ஒன்றும் திறக்காது.

"மூச்சு?" என்றாள் அண்ணி.

"எல்லாம் மிஷின் காத்து. ஒரு பய உள்ள வர முடியாது."

"நானும் வெளிய போக முடியாது. மீன் தொட்டியில இருக்கிற மீனுக்குத் திருட்டுப் பயம் இல்லதான். பேச்சுத் துணைக்கு லிஃப்டோட பேசவா?"

இன்னொன்று பட்டறைக்குப் பத்து நிமிஷ நடையில் ஒரு பழைய தெரு. இரண்டாம் மாடி, வெளிச்சம், கீழே ரொட்டிக் கடை. பார்த்ததும் மனசுக்குப் பிடித்ததாம். ஆனால் அது வேண்டவே வேண்டாம் என்றாள் டிங்கு.

"ஏன்?"

"வேணாம்னா வேணாம் அண்ணி. வாய் பொய் சொல்லும், சன்னல் சொல்லாது. நாளைக்குத் தாள்ல மீன் தொட்டி முகவரியை எழுதிடறேன். உங்களுக்கு அது ஆகாதுன்னா சொல்லிடுங்க, நான் கிளம்பி வந்துடறேன்."

"என்னை எழுத வேணாம். நீங்க ரெண்டு பேர் மட்டும்..."

"அந்தப் பேச்சே கிடையாது!"

சத்தம் ஏறியது. தம்பி வழக்கம்போலக் கத்தரிக்கோலைத் தேடப் போனான். கடைசியில் அண்ணி, "எந்தத் தெருவை நீ வேணாங்கிறியோ அதை நான் ஒரு தடவை கண்ணால பார்த்துடறேன்" என்று பிடிவாதம் பிடிக்க, மறுநாள் காலை டிங்கு அந்தத் தெருவில் நின்று வீடியோவில் காட்டினாள்.

தெரு அகலமாக இருந்தது. பச்சைச் சட்டம் போட்ட சன்னல்கள். டிங்கு ஒரு கீழ்வீட்டுச் சன்னலோரம் போனைக் கொண்டுபோய், மக்கை நகத்தால் அழுத்தினாள். நகம் பதிந்தது.

"பார்த்தீங்களா? எல்லாமே இளம் மக்கு. வரிசையா ஒன்பது வீடு பார்த்துட்டேன், ஒண்ணு பாக்கி இல்ல. அந்தாண்ட ரெண்டு சன்னலுக்கு இன்னும் பலகைதான் அடிச்சிருக்கு. ரெண்டு மாசத்துக்குள்ள இத்தனை வீட்டுக் கண்ணாடி போயிருக்குன்னா இது என்ன தெரு? வீட்டுக்கார அம்மா வேற இங்க திருடே இல்லன்னு கையைக் கையை ஆட்டுது."

அவள் அந்த மக்கிலேயே நகத்தை அழுத்திக்கொண்டு நின்றாள். எந்த மக்கை நினைத்து நிற்கிறாள் என்று அண்ணிக்குத் தெரியும்.

"போனை மேல தூக்கு" என்றாள்.

"மேல என்ன இருக்கு?"

"தூக்குடின்னா!"

திரையில் சன்னல்கள் அடுக்கடுக்காக ஏறின. பச்சைச் சட்டத்துக்குள் பெயின்ட் படாத வெள்ளை மக்குக் கோடு, மை தீட்டிய கண்போல எடுப்பாகத் தெரிந்தது. இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, நாலாம் மாடி, எல்லாவற்றிலும்.

"நாலாம் மாடிவரைக்கும் செவுத்துல ஏறி வர்றானா ஒரு திருடன்? அவனுக்கு சர்க்கஸ்ல வேலை கிடைக்குமே, எதுக்குத் திருடறான்?"

திரை இன்னும் நாலாம் மாடியிலேயே நின்றது.

"இப்போ எதிர்ப்பக்கம் காட்டு."

எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லை. எல்லாம் வெளிறிப்போன பழைய பச்சைப் பெயின்ட்.

"இந்தப் பக்கத்தை மட்டும் குத்தகைக்கு எடுத்திருக்கானா?" என்றாள் அண்ணி. "மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு உன் புருஷன் என்னைத்தான் சொல்லுவான். உனக்கு என்னடி வந்துச்சு?"

டிங்கு தெருவைக் கடந்தாள். எதிர்வரிசையில் ஒரு சன்னலோரம் குனிந்து நகத்தை வைத்தாள். "அண்ணி, பதியல. பாறை மாதிரி இருக்கு. கண்ணாடியைப் பாருங்க, அலை அலையா நெளியுது. இந்த மாதிரிக் கண்ணாடி செய்யறதை நிறுத்தியே நாப்பது வருஷம் இருக்கும். இதை ஒருத்தனும் தொட்டதே இல்ல..." சாவியின் முனையால் மக்கைச் சுரண்டிப் பார்த்தாள்.

அவ்வளவுதான். சன்னல் படாரென்று திறந்தது. தலைநிறைய சுருள் கிளிப்புகள் மாட்டிய ஒரு பெண் வெளியே எட்டிப் பார்த்துக் கத்தினாள். பாஷை புரியாவிட்டாலும் வசவு புரிந்தது. மேல்மாடியில் இன்னொரு சன்னல் திறந்தது. ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு ஓடி வந்தார். ஒரு ஆள் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினான். திரை ஆடிற்று, வானம் தெரிந்தது, செருப்பு தெரிந்தது, இணைப்பு அறுந்தது.

அண்ணிக்கு உயிர் உள்ளே இல்லை. தம்பி திரும்பத் திரும்பப் போட்டான், எடுக்கவில்லை. "நான்தான் மேல காட்டு, எதிர்ல காட்டுன்னு ஏவி விட்டேன், பாவி" என்று அவள் மார்பில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு நிமிஷம்.

போன் அடித்தது. திரையில் டிங்கு ஒரு மேசைமுன் கையில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அதே கிளிப் பெண். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடி மூதேவி! இங்க ஒருத்தி செத்துப் பிழைச்சுட்டு இருக்கேன், நீ அங்க காப்பி குடிக்கிறியா?"

"அண்ணி, ஆலங்கட்டி மழை! திருடனும் இல்ல, திருடியும் இல்ல. திருடின்னு இவங்க பிடிச்சதே என்னைத்தான். நெட்டையனுக்குப் போன் போட்டு இவங்ககிட்ட பேச வச்சேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல்லு கல்லா விழுந்திருக்கு. காத்து ஒரே பக்கமா அடிச்சதுல அந்த வரிசை முழுக்கக் காலி, இந்த வரிசைக்குப் பொட்டுக் காயம் இல்ல. அதனாலதான் பட்டறையில வேலை குவிஞ்சு கிடக்காம். 'அதுக்குத்தானே உன்னையே கூப்பிட்டோம், சொல்லலையா நானு?'ன்னு நெட்டையன் கேக்கிறான். சொன்னா தேஞ்சா போயிடுவான்!"

தம்பி சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு என்னன்னு கத்துச்சு?"

"நீ யாரு, என் சன்னல்ல உனக்கு என்ன வேலைன்னு."

"மாடிக்காரங்களும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ரொட்டிக் கடைக்காரர் என் கையைப் பிடிச்சு இழுத்து சட்டையெல்லாம் மாவு. பாருங்க."

அண்ணி அந்த மாவுக் கறையைப் பார்த்தாள். பட்டப்பகலில் ஒருவன் சன்னலைச் சுரண்டியபோது யாராவது ஒரு ஆள் நின்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். மூன்று வருஷம் அவள் ஊரார் சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்க மாட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக் கையாட்டினாள். கிளிப் பெண்ணும் பெரிதாகக் கையாட்டினாள்.

"அந்த வீட்டையே எழுது" என்றாள் அண்ணி. "மூணு பேரையும் எழுது."

"நிஜமாவா? அங்க தனியா இருப்பீங்களா?"

"சன்னல்ல நகம் பட்டா நாலு பேர் ஓடி வர்ற தெருவுல எங்கடி தனியா இருக்கிறது?"

டிங்கு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். திருட்டு நடந்த அன்றுகூட அவள் அழுது அண்ணி பார்த்ததில்லை. "அன்னிக்கு நான் ஒரு கம்பி அடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"போதும், வை. அந்த அம்மா வீட்டு மேசையெல்லாம் ஈரமாகுது" என்றாள் அண்ணி.

தாள் வர ஏழு வாரம் ஆனது. தம்பி கடையை மாமன் மகனிடம் ஒப்படைத்தான். போன முதல் நாளே, டிங்கு பட்டறைக்கும் தம்பி வேலை தேடியும் வெளியே போன பிறகு, அண்ணி கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, பதினொன்றரையும் ஆயிற்று. பன்னிரண்டுக்குப் பசித்தது. எழுந்து போய்ச் சாப்பிட்டாள்.

இப்போது டிங்கு அந்தத் தெருவில்தான், ரொட்டிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், புருஷனோடும் அண்ணியோடும் இருக்கிறாள். காலை ஏழரைக்குப் பட்டறைக்குப் போகிறாள், ஐந்தரைக்குத் திரும்பி வருகிறாள்.