எதிராளி கேட்டுக்கொண்டிருந்த ஆட்டம்

1. இரண்டும் போச்சு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. ஐந்து ஆட்டப் போட்டியில் முதல் இரண்டையும் தோற்றுவிட்டு, சங்கராபுரத்தில் எங்கள் உரக்கடை மாடியில், கேமரா முன்னால் அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தேன்.

எதிராளி சென்னைக்காரர். பட்டம் வாங்கிய ஆட்டக்காரர், என்னுடையதைவிடப் பெரிய சேனல் வைத்திருப்பவர். ஒரு வாரத்துக்கு முன் தன் வீடியோவில், "தமிழ்ல செஸ் சொல்லித் தர்றவங்க நல்லா பேசுறாங்க, ஆடத்தான் வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான்தான் போட்டிக்குக் கூப்பிட்டேன். ஆளுக்குப் பத்து நிமிடம், ஐந்து ஆட்டம், என் சேனலில் லைவ். ஒவ்வொரு மூவையும் ஏன் ஆடுகிறேன் என்று தமிழில் சொல்லிக்கொண்டே ஆடுவேன் என்றும் ஜம்பமாக அறிவித்திருந்தேன்.

தோற்றால் அசிங்கத்தோடு போகாது. அத்தாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து அண்ணன் சலீம் ஒற்றை ஆளாகக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சேனலை விட்டுவிட்டுக் கடைக்கு வரவேண்டும் என்பது வீட்டில் தினமும் நடந்த பேச்சு. போட்டிக்கு முதல் நாள் அண்ணனிடம் நானே சொன்னேன்: "தோத்துட்டேன்னா சேனல மூடிட்டு கடையில வந்து குந்திக்கிறேன்ணே."

இனி மூன்றையும் ஜெயித்தாக வேண்டும்.

2. பூச்சிமருந்து கேட்டவர்கள்

செஸ் சேனல் நடத்துகிற இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்காக, நான் எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருடம் டோர்னமென்ட் ஆடினேன். ரேட்டிங் ஓரிடத்தில் போய் நின்றது, நகரவே இல்லை. கள்ளக்குறிச்சியில் கோச்சிங் எடுத்தேன். அங்கே வரமுடியாதவர்களுக்காக ஒரு வீடியோ போட்டேன். மாடியில் உர மூட்டைகளுக்கு நடுவில் எடுத்தது. பின்னால் பூச்சிமருந்து போஸ்டர் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. முதல் வீடியோவுக்கு வந்த கமென்ட்களில் பாதி, நெல்லில் குருத்துப்பூச்சிக்கு என்ன அடிக்கலாம் என்றுதான் கேட்டன. எல்லாவற்றுக்கும் அண்ணனைக் கேட்டுப் பதில் போட்டேன். மருந்து கேட்க வந்தவர்களில் சிலர் செஸ்ஸும் கற்றுக்கொண்டார்கள். அப்படித்தான் சேனல் வளர்ந்தது.

எங்கள் ஆட்களுக்குக் கேட்டவுடன் பதில் வரவேண்டும். லைவில் நான் பேசுவது அவர்களுக்கு இரண்டு நிமிடம் கழித்துப் போய்ச் சேரும்படி டிலே வைத்திருந்தேன். கல்வராயன் மலையில் கரியாலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் பழனி ஒருநாள் போன் செய்தார். "இன்னா சார், மலை மேல டவர் கெடைக்கிறதே கொஞ்ச நேரம். நான் ஒண்ணு கேட்டா, நீங்க பதில் சொல்றதுக்குள்ள வண்டி வளைவு திரும்பி லைன் கட்டாயிடுதுங்க" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தானே? டிலேவை எடுத்துவிட்டேன். அதைத் திரும்பப் போட எனக்குத் தோன்றவே இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமையும்கூட.

3. கீழே இருந்து வந்த போன்

இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் ஐந்து நிமிட இடைவேளை. மைக்கை அணைத்தேன். கீழே கடையிலிருந்து அண்ணன் போன் செய்தார். அவருக்கு யானை எப்படி நகரும் என்றுகூடத் தெரியாது.

"டேய் அன்வரு, நீ சொல்றத அவன் கேட்டுக்கினு இருக்கான்டா."

"யாருண்ணே?"

"ஒன்னோட ஆடுறவன்தான். குதிரைய அந்தாண்ட கொண்டாறேன்னு நீ சொன்ன, ஒடனே அவன் அந்த எடத்த அடைச்சான். யானைய எறக்கறேன்ன, அதுக்கும் அடைச்சான். எதிர்க்கடைக்காரன் காதுல வுழுறாப்ல யாராச்சும் வெலய சொல்லுவாங்களாடா? வாய மூடிக்கினு ஆடு!"

சென்னைக்காரர் அடைத்தபோதெல்லாம் நான் என்ன செய்தேன் தெரியுமா? "அடேங்கப்பா, எப்படிக் கண்டுபுடிச்சாரு பாருங்க!" என்று லைவில் பாராட்டிக்கொண்டிருந்தேன். டிலே இல்லாததால் என் திட்டம் மூன்று நொடியில் அவர் காதுக்குப் போயிருக்கிறது.

கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. டிலே போடவேண்டுமென்றால் லைவை நிறுத்தித் திரும்பத் தொடங்கவேண்டும், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கலைந்துவிடுவார்கள். வாயை மூடினால் சொன்ன சொல் போய்விடும். பொய்யாக ஒரு திட்டத்தைச் சொல்லி ஏமாற்றலாம். ஆனால் லைவைப் பார்த்து நோட்டு வைத்து எழுதிக்கொண்டு எத்தனை பேர் இருக்கிறார்களோ, அவர்களுக்கும் சேர்த்துப் பொய் சொன்னதாகிவிடுமே?

மணி ஓடியது. அப்போதுதான் தோன்றியது. எண்ட்கேமில், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில், ஒளிக்க என்ன இருக்கிறது? அதுதான் என் பலம். அங்கே தெரிந்தாலும் தடுக்கமுடியாத நிலைகள் இருக்கின்றன. கேட்கட்டும், நன்றாகவே கேட்கட்டும்.

4. சொல்லி அடித்தது

மூன்றாவது ஆட்டத்தில் இருபது மூவுக்குப் பிறகு, பலகையின் ஓரத்தில் எனக்கு ஒரு சிப்பாய் தனியாகக் கிடைத்தது. அதை மறிக்க அந்தப் பக்கம் அவருக்குச் சிப்பாய் இல்லை. மைக்கைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"இப்ப ராணிக்கு ராணி வெட்டி மாத்தப் போறேன். அப்புறம் யானைய மாத்துவேன். எல்லாம் போனதும் ஓரத்துச் சிப்பாய ஓட விடுவேன். அதப் புடிக்க அவரு ராஜா அங்க போயாகணும். அவரு அங்க போற நேரத்துல, என் ராஜா இந்தப் பக்கம் அவரு சிப்பாய் மூணையும் தின்னுட்டு வந்துடும்."

அவர் கடிகாரம் முழுதாக ஒரு நிமிடம் ஓடியது. ராணியை மாற்றாமல் பின்னுக்கு இழுத்தார். என் ராணி நடுவில் போய் உட்கார்ந்ததும் அவருடைய யானைக்கு ஆபத்து. வேறு வழியில்லாமல் அவரே ராணியை மாற்றினார். பிறகு யானைகள் போயின. அவர் ராஜா ஓரத்துக்கு நடந்தது, என் ராஜா இந்தப் பக்கம் மூன்று சிப்பாய்களையும் தின்றது. நான் சொன்ன வரிசையில் எதுவும் மாறவில்லை.

நான்காவதிலும் எண்ட்கேமுக்கு இழுத்தேன், ஜெயித்தேன். ஐந்தாவதில் அவர் என் ராஜாவைத் தாக்கப் பார்த்தார். "இத நான் தாங்கிட்டா அவரு கையில ஒண்ணும் இருக்காது, பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தாங்கினேன். கடைசியில் அவருக்கு நாற்பது நொடி மிச்சம். அடுத்த நான்கு மூவையும் வரிசையாகச் சொன்னேன். இரண்டாவது மூவிலேயே அவர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

கீழே கடையில் விசில் பறந்தது. மணலூர்பேட்டையிலிருந்து யூரியா வாங்க வந்தவர்கள், வந்த வேலையை மறந்து அண்ணன் போனைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். ஆட்டம் புரியாவிட்டாலும் அவர்களுக்கு நான் கொக்கரித்தது கேட்டிருக்கும். பதினைந்து வருட டோர்னமென்ட்டில் நான் அப்படிக் கத்தியதில்லை.

மாலையில் அந்தச் சென்னைக்காரர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "ப்ரோ, உண்மைய சொல்லிடறேன். உங்க லைவு பக்கத்துலயே ஓடிக்கினு இருந்துச்சு, சாரி. கடைசி மூணு கேமும் நீங்க சொன்னது அத்தனையும் கேட்டேன். கேட்டும் ஒண்ணும் பண்ண முடியல ப்ரோ."

கோபமெல்லாம் அப்போதே போய்விட்டது. அந்த மெசேஜை நான் எத்தனை முறை கேட்டேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

5. திங்கட்கிழமை

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேமரா எது, மைக் எது என்று கேட்கிறார்கள். லைவில் ஆடினால் டிலே போடுங்கள், இது முதல் பாடம். அடுத்தது எனக்கு மூன்றாவது ஆட்டத்தில் கிடைத்தது: எதிராளி கேட்டாலும் நிற்கிற அளவுக்கு உங்கள் வேலையில் பலம் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு என் வீடியோ எதிலும் நான் எதையும் ஒளித்துவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல மூட்டை இறக்கக் கடைக்கு இறங்கிப் போனேன். எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருவர் பில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"யாருண்ணே இவரு?"

"கடைக்கு ஆளு. நேத்து சாயங்காலமே சொல்லி வெச்சிட்டேன்" என்றார் அண்ணன், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "இங்க இன்னா நின்னுக்கினு இருக்க? ஒன் வேல மாடியிலதான? போ."

போனேன். படியேறும்போது அழுகை வந்தது. ஜெயித்ததை அப்போதுதான் முழுதாக நம்பினேன்.