இடப்பக்க ஜன்னல்

விளையாட்டு என்ற சொல்லை நான் என் வீட்டில் அனுமதித்ததில்லை. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் தர ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இயந்திரப் பொறியியல் பயின்றவன். என் கையெழுத்தின்றி ஓர் உதிரிப்பாகமும் அந்த வாயிலைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவன் முகப்பேர் அடுக்ககத்து அறையொன்றில் அமர்ந்து கணினியில் விமானம் ஓட்டினால், அதற்குப் பயிற்சி என்றே பெயர். ஆனால் எங்கள் கட்டடத்தில் எவரும் அதை அப்படி அழைக்கவில்லை.

காலை நடைக்குப் போகும் பூங்காவில் தினமும் அது கேலிப் பொருளாயிற்று. அதே தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் எனக்குச் சமமான பதவியில் இருந்த கோவைக்காரர் ஒருவர் எங்கள் கட்டடத்திலேயே குடியிருக்கிறார். "ஏனுங் சார், நேத்து எத்தனை ப்ளேன் விழுந்துச்சுங்க?" என்று மிகப் பணிவாகக் கேட்பார். உடன் நடப்பவர்கள் சிரிப்பார்கள். கீழே காவலாளி யாரிடமோ, "சாரு ஊட்ல கேம் ஆடிக்கினு கீறாரு" என்று கைப்பேசியில் சொல்வதை நானே கேட்டேன். பணிக்காலம் முழுவதும் சேர்த்த மதிப்பு இப்படிக் கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க இயலவில்லை. அவர்கள் கண்முன் ஒரு விமானத்தைப் பிசகின்றித் தரையிறக்கிக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

அதற்காகத்தான் மூன்று திரைகள். ஒரே திரையில் ஓட்டினால் பார்ப்பவருக்கு அது தொலைக்காட்சி. நேரே ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று என்று வைத்தால் விமானி அறையின் ஜன்னல்கள் கிடைக்கும். திரும்பும்போது பூமி எவ்வளவு சாய்கிறது என்று பக்கவாட்டில் பார்த்துக் கணிக்கலாம். ஆனால் கணினிக்கு அது பெரும் சுமை. ஒரே காட்சியை மூன்று திரைகளுக்கும் இழுத்து விரிக்கும் சுலப வழி ஒன்று உண்டு. அதில் ஓரத்துக் கட்டடங்கள் பரோட்டா மாவைப் போல நீண்டுவிடும். அந்தப் பொய்க்காட்சியை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு ஜன்னலையும் அதனதன் கோணத்தில் தனித்தனியாக வரையச் சொன்னேன். நொடிதோறும் சரளமாக வந்துகொண்டிருந்த படங்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. வானம் விட்டுவிட்டு நகர்ந்தது. விமானத்தைச் செலுத்தும் கைப்பிடியை நான் இழுத்து, இழுத்ததையே மறந்த பிறகு விமானம் மூக்கைத் தூக்கியது.

நிழல்களை நீக்கினேன். மேகங்களை மெலிதாக்கினேன். மரங்களைக் குறைத்தேன். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு மறுபடி ஏறி, மறுபடி இறங்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அறை கொதித்தது, கணினியின் விசிறி அரிசி ஆலை போல் இரைந்தது, எனக்குத் தோள்பட்டை வலி நிலையாகவே தங்கிவிட்டது. அலுவலகத்தில்கூட இப்படிச் சோர்ந்ததில்லை. கடைசியில் தூத்துக்குடி விமான நிலையத்தில் மூன்று ஜன்னல்களோடும் காட்சி சீராக ஓடியது. சுற்றிலும் பொட்டல் வெளி. வரைவதற்குக் கட்டடங்கள் அதிகமில்லை. அங்கேயே பலமுறை பழகினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைக்கூட்டத்தை வீட்டுக்கு அழைத்தேன். என் பிரிவில் ஃபோர்மேனாக இருந்த நூம்பல்காரரையும் அழைத்தேன். அவர் வேலப்பன்சாவடியை ஒட்டிய அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

எல்லாரும் அமர்ந்ததும், தூத்துக்குடியில் இறங்கப் போவதாக அறிவித்தேன்.

"தூத்துக்குடில இன்னா சார் கீது நமக்கு?" என்றார் நூம்பல்காரர். "நம்ம ஏரியா மேல ஓட்டுங்க சார். மீனம்பாக்கத்துல எறக்குங்க. எங்க ஊட்ட மேலேர்ந்து பாக்கணும்."

"ஆமாங் சார், தூத்துக்குடியில எறங்குனா சரியான்னு சாட்சி சொல்ல இங்க யாருங்க இருக்காங்க?" என்றார் கோவைக்காரர்.

சோதிக்காத பாகத்தைப் பூட்டக் கூடாது என்பது என் பணியின் முதல் விதி. அன்று மறுத்திருக்கலாம். ஆனால் மறுத்தால் அந்தப் பணிவான குரல் மறுநாள் பூங்காவில் என்ன சொல்லும் என்பதும் தெரிந்திருந்தது. சரி என்றேன்.

மேற்கிலிருந்து மீனம்பாக்கத்துக்கு இறங்கும் பாதையில் நம் புறநகர் முழுவதும் இடப்பக்க ஜன்னலில்தான் தெரியும். வந்தவர்கள் அனைவரும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு அந்தத் திரையின் முன் குவிந்தார்கள். நேர்த் திரையில் ஓடுதளத்தை நோக்கி நான் செய்துகொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

"தோ, செம்பரம்பாக்கம் ஏரி!"

"அப்போ குன்றத்தூர் மலை எங்க?"

"ஐயப்பன்தாங்கல் டிப்போ தெரியுதா பாருங்க, அதுக்குப் பக்கத்துலதான் எங்க மாப்பிள்ளை வீடு."

காபித் தட்டோடு வந்த என் மனைவியும் நின்றுவிட்டாள். "ஏங்க, நம்ம ப்ளாக் தெரியுமாங்க?" என்றாள்.

ஆயிரக்கணக்கான மாடி வீடுகளை அந்த ஒரு ஜன்னலில் வரைய முயன்று கணினி திணறத் தொடங்கியது. விமானம் வலப்புறம் சாய்ந்தது, திருத்தினேன், திருத்தம் தாமதமாக வந்து இடப்புறம் சாய்த்தது.

"இன்னா சார், மெட்ரோ வேல நடக்கற ரோட்ல பஸ் போற மாதிரி நின்னு நின்னு போவுது?" என்றார் நூம்பல்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

ஓடுதளம் எதிரே ஆடிக்கொண்டிருந்தது. இப்படியே இறங்கினால் விமானம் உடையும். அது உடைந்த கதை இரவுக்குள் நொளம்பூர் வரை போய்விடும். இடப்பக்கக் காட்சியை மூடினேன். அந்தத் திரை கறுத்தது. மறுகணமே விமானம் என் கைக்குக் கட்டுப்பட்டது. சக்கரங்கள் தரையைத் தொட்டதே தெரியவில்லை. அதைவிட நேர்த்தியாக நான் ஒருபோதும் இறக்கியதில்லை.

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அய்ய, இன்னா சார் நீங்க! பூந்தமல்லி ரோட்ட புட்ச்சிட்டேன் சார். அடுத்தது வேலப்பன்சாவடி, அப்பால நம்ம ஊடு. அதுக்குள்ள அணைச்சிட்டீங்களே!"

கோவைக்காரர் மட்டும் நேர்த் திரையைப் பார்த்தார். "எறக்குனது அருமைங் சார்," என்றார். பிறகு அதே பணிவோடு, "ஒரு சந்தேகமுங்க. நெஜ பைலட்டு, ஓட்ட முடியலைன்னா ஜன்னலைச் சாத்திக்குவாருங்களா?"

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். காரணத்தை விளக்கத் தொடங்கினேன். கணினியின் திறன், ஒரு நொடிக்கான படங்கள், மூன்று காட்சிகளின் சுமை என்று நான் அடுக்கிய ஒவ்வொரு வாக்கியமும் அது விமானம் அல்ல என்பதையே நிரூபித்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

காபி குடித்து முடித்து எழுந்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும் ஓசை கேட்டது. நூம்பல்காரர் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"சார், தப்பா நென்ச்சிக்காதீங்க. அந்த ஜன்னல இன்னொரு தபா தொறங்க சார்."

வாதாட எனக்குத் தெம்பில்லை. வரைபடத்தில் இடத்தைக் குறித்து, விமானத்தை வேலப்பன்சாவடிக்கு மேல் நடுவானில் நிறுத்தி வைத்தேன். மூன்று ஜன்னல்களையும் திறந்தேன். நகராத காட்சியில் திணறல் தெரியாது. மூன்றும் புகைப்படம் போல் துல்லியமாக நின்றன. வாசலுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

நூம்பல்காரர் திரையில் விரலை வைத்துச் சாலையோடு போனார். விரல் ஓரிடத்தில் நின்றது. "யோவ், எங்க ஊட்ட காணோம்யா! எவனோ நாலு மாடி கட்டிட்டு கீறான்!"

கணினி தானாக நட்டுவைத்த கட்டடம் அது.

"நம்ம சாருதானுங்க பில்டர். அவருகிட்டயே கேளுங்க," என்றார் கோவைக்காரர். அறை அதிரச் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

நான் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது பயிற்சியா விளையாட்டா என்று கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

"கொஞ்சம் அப்படிக்கா திருப்புங்க சார், முகப்பேர் பக்கம்," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

திருப்பினேன்.